தமிழர் இல்லாத ஓர் உடன்பாடு: லியாம் ஃபாக்ஸும் இலங்கையும்

1997 ஏப்ரலில் எங்கள் மணலூர்பேட்டை வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்திருந்தார். மன்னார் பக்கத்துக்காரர். அகதிகள் முகாமிலிருந்து வேலைக்கு வருகிறவர். முகாமில் கணக்கெடுப்பு நாளுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் ராத்திரியும் இங்கேயே திண்ணையில் படுத்து, நான்கு நாளில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். இரவு ஒன்பதே கால் ஆனதும் அப்பாவின் ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். பிபிசி தமிழோசை. சிற்றலையின் இரைச்சலுக்கு நடுவே செய்தி வரும். அப்போதுதான் லியாம் ஃபாக்ஸ் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். இலங்கையின் அதிபரும் எதிர்க்கட்சித் தலைவரும் இனப்பிரச்சினையில் ஒருவர் காலை ஒருவர் வாருவதில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள், நடுவிலிருந்து முடித்துவைத்தவர் ஒரு பிரிட்டிஷ் மந்திரி என்றார்கள்.

அப்பாவுக்கு சந்தோஷம். "பரவாயில்லையே, பெரிய விஷயம்தானே?" என்றார். வந்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவையள் ரெண்டு பேரும் கையெழுத்து வச்சுப்போட்டினம் ஐயா. எங்கட ஆள் ஆர் வச்சது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எங்கள் வீட்டில் பதில் இல்லை. லியாம் ஃபாக்ஸ் என்ற அரசியல்வாதியின் வாழ்க்கையைப் பின்னாளில் படிக்கப் படிக்க, அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் எல்லாம் வந்து நின்றது.

*

லியாம் ஃபாக்ஸ் 1961 செப்டம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து டாக்டராக வேலை பார்த்தவர். 1992ல் தென்மேற்கு இங்கிலாந்தின் உட்ஸ்பிரிங் தொகுதியிலிருந்து கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போனார். மார்கரெட் தாட்சரின் வழியில் வந்த வலதுசாரி. அமெரிக்காவோடு நெருக்கம் வேண்டும், ஐரோப்பாவோடு தூரம் வேண்டும் என்பது கடைசி வரை மாறாத அவரது கட்சி. 1996ல் ஜான் மேஜர் அரசில் வெளியுறவுத் துறையின் இளநிலை அமைச்சர் ஆனார். 

இளநிலை அமைச்சர் என்றால் பெரிய பதவி ஒன்றும் இல்லை. கேபினட்டில் இடம் கிடையாது. அந்த இடத்திலிருந்துதான் அவர் கொழும்பைப் பார்த்தார். அப்போதைய நிலவரத்தை ஒரு தடவை நினைத்துப்பார்க்கலாம். 1995 டிசம்பரில் யாழ்ப்பாண நகரத்தை ராணுவம் பிடித்திருந்தது. 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதே வருடம் ஜூலையில் முல்லைத்தீவு முகாமைப் புலிகள் துடைத்தெடுத்தார்கள். செப்டம்பரில் கிளிநொச்சி ராணுவத்தின் கைக்குப் போனது. ஒருபக்கம் இந்தப் போர். இன்னொரு பக்கம் 1995 ஆகஸ்டில் அதிபர் சந்திரிகா குமாரதுங்க முன்வைத்த அதிகாரப் பகிர்வு யோசனை. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் ரணில் விக்கிரமசிங்க கை கொடுக்காமல் அது நடக்காது.

ஃபாக்ஸ் பிடித்தது இந்த முடிச்சை. சந்திரிகாவும் ரணிலும் 1997 ஏப்ரல் 3ஆம் தேதியிட்ட கடிதங்களை மாற்றிக்கொண்டார்கள். அதன் சாரம் இது. இனப்பிரச்சினையைத் தீர்க்க அரசாங்கம் விடுதலைப் புலிகள் உட்பட யாரோடு பேசினாலும், அந்தப் பேச்சும் முடிவும் தனக்கு ஏற்புடையது என்றால் எதிர்க்கட்சித் தலைவர் அதைக் குலைக்க மாட்டார். நாளைக்கு அவரே ஆட்சிக்கு வந்தாலும் அந்த முடிவை மதித்து நடப்பார். இடம் மாறி உட்கார்ந்தாலும் இதே விதி. அதிபர் தரப்பு முக்கியமான நகர்வுகளை எதிர்க்கட்சித் தலைவருக்குத் தெரியப்படுத்தி, அவரது கருத்தையும் கேட்க வேண்டும்.

லியாம் ஃபாக்ஸ் உடன்பாடு என்று பெயர் பெற்றது இதுதான். ஒப்பந்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, கடிதப் பரிமாற்றம்தான்.

*

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று இன்றைக்கு வாசிக்கிறவருக்குத் தோன்றலாம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1957 ஜூலை 26 அன்று பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் தந்தை செல்வா என்று ஈழத்தமிழர் அழைக்கும் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பிராந்திய சபைகள், குடியேற்றத்தில் அவற்றுக்கு அதிகாரம், வடக்கு கிழக்கில் நிர்வாகத்துக்குத் தமிழ். பெரிய சலுகை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அக்டோபரிலேயே ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தன ஒப்பந்தத்தை எதிர்த்து கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். அது பாதியில் நின்றுபோனது, ஆனால் எதிர்ப்பு நிற்கவில்லை. 1958 ஏப்ரலில் பிக்குகள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே நாடு முழுக்கக் கலவரம்.

1965 மார்ச் 24. இப்போது ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்கவுக்குத் தமிழர் ஆதரவு தேவைப்பட்டது. செல்வநாயகத்தோடு இன்னொரு ஒப்பந்தம், இந்தத் தடவை மாவட்ட சபைகள். இப்போது எதிர்த்து நின்றது பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி. 1968ல் அந்த மசோதாவும் கைவிடப்பட்டது.

கவனித்தால் ஒரு விஷயம் புரியும். ஆள்தான் மாறுகிறார், ஆட்டம் அதேதான். ஆட்சியில் இருப்பவர் தமிழரோடு ஏதாவது பேசுவார். எதிரில் இருப்பவர் "நாட்டைத் தாரை வார்க்கிறான்" என்று தெருவில் இறங்குவார். ஐந்து வருடம் கழித்து இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்துப் பங்காளிச் சண்டை மாதிரிதான். பெரியவர் கைமாற்றிய நிலத்துக்கு ஒரு நியாயம் பேசி முடிக்கலாம் என்று அண்ணன் கிளம்பினால் தம்பி வந்து வேலியில் நிற்பான். தம்பி கிளம்பினால் அண்ணன் நிற்பான். நிலத்துக்காரன் இரண்டு பேர் வாசலுக்கும் நடந்து செருப்பைத் தேய்ப்பான்.

சிங்களக் கட்சிகளின் இந்தப் போட்டி இனப்பிரச்சினைக்குப் பின்னால் இருக்கும் ஓர் இயந்திரம் என்று எழுதியவர்கள் பலர் உண்டு. ஆனால் அதை நிறுத்துவதற்கென்றே இரண்டு பேரையும் எழுதிக்கொடுக்க வைத்தது ஃபாக்ஸின் முயற்சி. டாக்டர் அல்லவா, நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார் என்று சொல்ல வேண்டும்.

மருந்துக்கான யோசனை அவருக்குச் சொந்த நாட்டிலிருந்தே கிடைத்தது. வட அயர்லாந்து விஷயத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியும் தொழிற்கட்சியும் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் குலைக்காமல் நடந்துகொண்டன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடிதங்கள் மாறிய நான்கே வாரத்தில், 1997 மே 1 அன்று, பிரிட்டனில் தேர்தல். கன்சர்வேட்டிவ் கட்சி படுதோல்வி அடைந்தது. ஃபாக்ஸ் தன் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார், பதவி போய்விட்டது. ஆனால் ஜான் மேஜர் தொடங்கிவைத்த வட அயர்லாந்துப் பேச்சை டோனி பிளேர் தூக்கி எறியவில்லை. எடுத்துக்கொண்டு நடந்தார். 1998 ஏப்ரல் 10 அன்று பெல்ஃபாஸ்டில் புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானது. கொழும்புக்கு ஃபாக்ஸ் சொன்ன பாடம் அவருடைய நாட்டில் பலித்தது.

*

கொழும்பில் பலிக்கவில்லை. ஏன்?

முதல் காரணம் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவருக்கு "ஏற்புடையதாக இருந்தால்" குலைக்க மாட்டார் என்றால் என்ன அர்த்தம்? ஏற்புடையது இல்லை என்று சொல்லிவிட்டால் குலைக்கலாம். கதவுக்குப் பூட்டும் போட்டு, சாவியையும் அதிலேயே விட்டுவைத்த மாதிரி.

இரண்டாவது, காவல்காரர் இல்லை. பெல்ஃபாஸ்டில் இரண்டு அரசாங்கங்கள் பொறுப்பேற்றன. மே மாதத்தில் வடக்கிலும் தெற்கிலும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். கொழும்பில் இருந்தவை இரண்டு கடிதங்கள். நடுவர் அடுத்த மாதமே பதவி இழந்து ஊருக்குப் போய்விட்டார். மீறினால் கேட்பதற்கு ஆள் கிடையாது.

மூன்றாவது காரணம்தான் எங்கள் திண்ணையில் கேட்டது. பெல்ஃபாஸ்ட் மேசையில் இரண்டு தரப்புச் சமூகங்களின் கட்சிகளும் உட்கார்ந்திருந்தன. இங்கே பிரச்சினை யாருடையதோ அவர்கள் யாரும் மேசையில் இல்லை. தமிழ்க் கட்சிகளும் இல்லை, புலிகளும் இல்லை. சிங்களத் தலைமைகள் முதலில் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வரட்டும், பிறகு தமிழரோடு பேசலாம் என்பது அதன் தர்க்கம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் "பிறகு" வருவதற்குள் வேறு எல்லாம் வந்துவிட்டது. கடிதம் எழுதி ஆறு வாரம் முடிவதற்குள், 1997 மே 13 அன்று, வவுனியாவிலிருந்து வடக்கே சாலையைத் திறக்க ஜெயசிக்குறு என்ற ராணுவ நடவடிக்கை தொடங்கியது. சிங்களத்தில் வெற்றி நிச்சயம் என்று பொருள். 1998 டிசம்பரில் அது கைவிடப்பட்டது.

பிறகு அந்தக் கடிதங்களுக்கு என்ன ஆயின? 2000ஆம் ஆண்டில் இரண்டு பெரிய கட்சிகளும் மாதக்கணக்கில் உட்கார்ந்து புதிய அரசியலமைப்பைப் பற்றிப் பேசின. பல விஷயங்களில் ஒத்துவந்தன. ஆனால் சந்திரிகா தன் பதவிக்காலம் முடியும் வரை அதிபருக்குரிய அதிகாரங்களோடு தொடர இடம்தரும் இடைக்கால ஏற்பாட்டில் வந்து முட்டிக்கொண்டது. ஆகஸ்ட் 3 அன்று மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஐக்கிய தேசியக் கட்சியினர் அதன் பிரதியை அவைக்குள்ளேயே கொளுத்தினார்கள். சில நாளில் மசோதா ஒத்திவைக்கப்பட்டது.

பிறகு பங்காளிகள் இடம் மாறினார்கள். 2001 டிசம்பரில் ரணில் பிரதமர். 2002 பிப்ரவரி 22 அன்று புலிகளோடு போர் நிறுத்தம். 2003 அக்டோபர் கடைசியில் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனையை வெளியிட்டார்கள். அடுத்த சில நாளில், நவம்பர் 4 அன்று, ரணில் வாஷிங்டனில் இருந்த நேரத்தில் அதிபர் சந்திரிகா பாதுகாப்பு, உள்துறை, ஊடகத் துறை அமைச்சுகளைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். 2004 ஏப்ரலில் தேர்தல், ஆட்சி மாற்றம். யார் முதலில் மீறியது என்ற கணக்கு இப்போது வேண்டாம். இருவருமே கையெழுத்திட்டவர்கள், இருவருமே மீறினார்கள். 2006 அக்டோபரில் இரண்டு கட்சிகளும் மறுபடி ஓர் உடன்பாடு எழுதின. மூன்று மாதம் தாண்டி, 2007 ஜனவரியில், ஐக்கிய தேசியக் கட்சியின் உறுப்பினர்கள் கூட்டமாக அரசுப் பக்கம் தாவியதோடு அதுவும் முடிந்தது.

*

இதற்கிடையே ஃபாக்ஸ் தன் கட்சியில் ஏறிக்கொண்டிருந்தார். 1999லிருந்து எதிர்க்கட்சியின் சுகாதாரப் பேச்சாளர், 2003ல் கட்சியின் இணைத்தலைவர். 2005ல் கட்சித் தலைமைக்கு நின்றார். எம்.பி.க்களின் இரண்டாவது சுற்றில் டேவிட் கேமரூனுக்கு 90 ஓட்டு, டேவிட் டேவிஸுக்கு 57, ஃபாக்ஸுக்கு 51. ஆறு ஓட்டில் மூன்றாம் இடம், அதோடு வெளியே. கேமரூன் தலைவரானதும் அவருக்குப் பாதுகாப்புத் துறைப் பேச்சாளர் பொறுப்பு கொடுத்தார். 2010 மே மாதம் கூட்டணி ஆட்சி வந்ததும் ஃபாக்ஸ் பாதுகாப்பு அமைச்சர்.

அவர் கையில் வந்தது காலிப் பெட்டி. முந்தைய ஆட்சி வாங்க ஒப்புக்கொண்டவற்றுக்கும் கையில் உள்ள பணத்துக்கும் நடுவே 38 பில்லியன் பவுண்டு பள்ளம் என்று அரசு சொன்னது. 2010 அக்டோபர் மறுஆய்வில் பாதுகாப்புச் செலவை நான்கு வருடத்தில் 8 சதவீதம் குறைத்தார்கள். ஆர்க் ராயல் விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஓய்வு, ஹாரியர் விமானங்களுக்கு விடை, நிம்ராட் கண்காணிப்பு விமானத் திட்டம் ரத்து. ராணுவத்தை நேசிக்கிற வலதுசாரி என்று பெயர் எடுத்தவர் கையாலேயே இந்த வெட்டு விழுந்தது. சில மாதத்தில் லிபியாவில் போர்.

ஆனால் அவரை வீழ்த்தியது கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. ஆடம் வெரிட்டி என்ற நண்பர். ஃபாக்ஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். அரசுப் பதவி எதுவும் கிடையாது. ஆனால் அமைச்சரின் ஆலோசகர் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தார். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 22 தடவை வந்திருந்தார், அமைச்சரின் வெளிநாட்டுப் பயணங்களில் 18 தடவை அவரைச் சந்தித்திருந்தார். அவருடைய பயணங்களுக்கு ஃபாக்ஸின் ஆதரவாளர்கள் சிலர் பணம் கொடுத்ததும் வெளியே வந்தது. 2011 அக்டோபர் 14 அன்று ஃபாக்ஸ் ராஜினாமா செய்தார். நான்கு நாள் கழித்து வந்த அமைச்சரவைச் செயலரின் அறிக்கை, அமைச்சர்களுக்கான நடத்தை விதியை அவர் மீறினார் என்றது. அதில் அவர் பணம் எதுவும் சம்பாதிக்கவில்லை என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

இந்த விவகாரத்தைத் தோண்டியபோது இலங்கை மறுபடி மேலே வந்தது. எதிர்க்கட்சியில் இருந்த காலத்தில் இலங்கை அரசின் செலவிலேயே ஃபாக்ஸ் அந்த நாட்டுக்குப் போய்வந்திருந்தார். அதில் ஒரு பயணத்தை உரிய நாளுக்குள் பதிவு செய்யவில்லை, இலங்கை பற்றிக் கேள்வி கேட்டபோது அந்தத் தொடர்பைத் தெரிவிக்கவில்லை என்பதை 2010லேயே ஒப்புக்கொண்டார். போர் முடிந்த பிறகு இலங்கை அபிவிருத்தி அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கினார். தனியார் முதலீட்டைக் கொண்டு மறுகட்டுமானம் என்பது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதிலும் வெரிட்டிக்குப் பங்கு இருந்தது. 2010 டிசம்பரில், தமிழர்கள் லண்டன் தெருவில் திரண்டு நின்றதால் மகிந்த ராஜபக்சவின் ஆக்ஸ்ஃபோர்டு உரை ரத்தான அதே பயணத்தில், ஃபாக்ஸ் அவரை லண்டன் ஹோட்டலில் சந்தித்தார். அந்த மாதமே கொழும்பு போவதாக இருந்த பயணத்தைச் சர்ச்சையால் ஒத்திப்போட்டார். 2011 ஜூலையில் போய் லக்ஷ்மண் கதிர்காமர் நினைவுரை ஆற்றினார். போரின் கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொல்லி மூன்று மாதமும், சேனல் 4 அந்தப் படங்களைக் காட்டி ஒரு மாதமும்கூட ஆகாத நேரம்.

பேசாமல் ஒதுக்கிவைத்தால் எதுவும் நடக்காது, உள்ளே போய்ப் பேசினால்தான் மாற்ற முடியும் என்பது அவரைப் போன்றவர்களின் வாதம். அதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் 1997ல் அவர் இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்றவர். 2009க்குப் பிறகு ஜெயித்தவரின் விருந்தாளி. நடுவராக இருந்தவர் ஒரு பக்கத்தின் செலவில் போய்வந்த பிறகு, அவர் சொல்கிற நல்ல வார்த்தையையும் மற்ற பக்கம் எப்படி நம்பும்? எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில்கூட, தீர்ப்பு சொல்கிறவர் ஒரு தரப்பு வீட்டில் காபி குடித்துவிட்டு வந்தால் எழுந்து கேட்பார்கள்.

அவர் வாழ்க்கை அதோடு முடியவில்லை. 2016ல் தெரசா மே அவரைச் சர்வதேச வர்த்தக அமைச்சராக்கினார், மூன்று வருடம் இருந்தார். 2020ல் உலக வர்த்தக அமைப்பின் தலைமைக்கு பிரிட்டன் அவரை நிறுத்தியது, கிடைக்கவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கான 2022ஆம் ஆண்டுச் சட்டம் அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது. நல்ல காரியம், டாக்டருக்குரிய காரியம். 2024 ஜூலைத் தேர்தலில் தொகுதியை இழந்தார். 32 வருட நாடாளுமன்ற வாழ்க்கை.

*

இதையெல்லாம் கொழும்பின் குற்றமாக மட்டும் எழுதி முடித்தால் எனக்கே உறுத்தும். ஏட்டிக்குப் போட்டி நம் ஊரிலும் நடந்தது. 2008 அக்டோபரில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, இரண்டு வாரத்தில் போர் நிற்காவிட்டால் எம்.பி.க்கள் ராஜினாமா என்றார்கள். போர் நிற்கவில்லை, ராஜினாமாவும் நடக்கவில்லை. போரில் பொதுமக்கள் சாவது தவிர்க்க முடியாதது என்று 2009 ஜனவரியில் பேசிய தலைவர், ஏப்ரலில் தேர்தல் மேடையில் தனி ஈழம் அமைப்பேன் என்றார். அதே ஏப்ரல் 27 அன்று முதல்வர் காலையில் தொடங்கிய உண்ணாவிரதம் மதியத்துக்குள் முடிந்தது. அங்கே யார் தமிழருக்குக் கொடுக்காமல் இருப்பது என்று போட்டி. இங்கே யார் தமிழருக்காக அதிகம் பேசுவது என்று போட்டி. இரண்டிலும் வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்தவன் ஆட்டத்தில் இல்லை. நம் இரண்டு கட்சிகளையும் உட்காரவைத்து, "இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒருவரை ஒருவர் வாராதீர்கள்" என்று கடிதம் வாங்க எந்த அசலூர் டாக்டரும் வரவில்லை.

தை மாதம் 5ஆம் நாள் மணலூர்பேட்டையில் ஆத்துத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்கு வந்து தீர்த்தவாரி காண்கிற நாள். சுற்றுவட்டாரமே மணலில் இறங்கி நிற்கும். 2012ல் அந்தக் கூட்டத்தில் எங்கள் வீட்டுக்கு பெயிண்ட் அடித்தவரைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. இந்தியாவில் பிறந்த பேத்தி தோளில் உட்கார்ந்து பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். இன்னும் முகாம்தான், இன்னும் பெயிண்ட் வேலைதான்.

பேச்சு எப்படியோ அந்த ரேடியோ ராத்திரிக்குப் போனது. அந்த மந்திரியை ஞாபகம் இருக்கிறதா, போன அக்டோபரில் பதவி போய்விட்டது என்றேன்.

"ஓம், பேப்பரில பாத்தனான்," என்றார். "சிநேகிதனால போச்சுதாம். அந்தாளுக்குப் பாவம், திரும்ப ஏதும் குடுப்பினம்."

கொடுத்தார்கள். நான்கரை வருடம் கழித்து மறுபடி மந்திரி ஆனார். பெரியவர் அன்று சாயங்காலம், கணக்கெடுப்புக்கு நேரமாகிறது என்று பேத்தியை இறக்கி நடத்திக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார்.